டாங்கியின் ஸ்ப்ராக்கெட் தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்போது மாற்றுவது?

இன்ஜின் விசையைச் சங்கிலித் தடத்துக்குக் கடத்தும் பல்சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட். பழைய அமெரிக்க ஷெர்மன் டாங்கியில் அது முன்னால், இந்தியாவின் விஜயந்தா டாங்கியில் பின்னால். மேலூர் பக்கம் குவாரிகளில் ஓடும் செயின் வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம்.

தடத்தின் இணைப்பு ஊசிகள் தேயத் தேய, கண்ணிகளின் இடைவெளி நீளும். பற்களின் இடைவெளி நீளாது. சுமை ஓரிரு பற்களில் மட்டும் விழுந்து, அவற்றை ஒரு பக்கமாக அரிக்கும். தளர்ந்த செயினோடு ஓட்டிய பைக்கின் பின்சக்கரப் பல்லைப் பாருங்கள், அதே கதைதான்.

புதுப் பல்லின் வடிவத்தை அட்டையில் வெட்டி, பழையதன்மேல் வைத்துப் பாருங்கள். பல் அரிவாள் மூக்குபோல வளைந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆரம்பத் தேய்மானம் என்றால், பல டாங்கிகளில் பல்வளையத்தை இடம் வலம் மாற்றிப் போட்டு, தேயாத முகத்தைப் பயன்படுத்தலாம்.

ஒன்றை மறக்கவே கூடாது: பிரேக் பிடிப்பது ஸ்ப்ராக்கெட்டைத்தான். தடத்தைக் கழற்றியதும் வண்டி உருளும். அதனால் சமதளத்தில் நிறுத்தி, முதலில் கட்டை கொடுங்கள்.

புதுத் தடம் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தேய்ந்த பற்கள் அந்தப் புதுத் தடத்தையும் சீக்கிரமே தின்றுவிடும்.