பால்ஃப்ரி எப்படிப்பட்ட குதிரை?

கேள்வி: இடைக்கால ஐரோப்பியக் கதையொன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி வருகிறேன். அதில் 'பால்ஃப்ரி' என்ற குதிரை அடிக்கடி வருகிறது. கையிலுள்ள அகராதி 'பெண்கள் ஏறும் சிறு குதிரை' என்கிறது. ஆனால் கதையில் ஒரு பேராயர் அதில் வந்து இறங்குகிறார். பிறகு ஒரு வீரன் சண்டைக்கு முன் அதிலிருந்து இறங்கி வேறொரு குதிரையில் ஏறுகிறான். மூலத்தில் பிழையா? 'மட்டக்குதிரை' என்று எழுதிவிடலாமா?

பதில்: மூலத்தில் பிழையில்லை. உங்கள் அகராதி அச்சொல்லின் பிற்காலப் பொருளை மட்டும் தந்திருக்கிறது. 'மட்டக்குதிரை' என்று எழுத வேண்டாம். அது உயரம் குறைந்த குதிரையைக் குறிக்கும், பால்ஃப்ரிக்கும் உயரத்துக்கும் தொடர்பில்லை.

இடைக்கால ஐரோப்பாவில் குதிரைகளுக்குப் பெரும்பாலும் அவை செய்யும் வேலையைக் கொண்டே பெயரிட்டார்கள். இன்று நாம் அறியும் இனப்பெயர்கள் அப்போது அந்த அளவுக்கு வழக்கில் இல்லை. வசதியுள்ள ஒரு வீரனிடம் குறைந்தது மூன்று, நான்கு வகைக் குதிரைகள் இருக்கும். போருக்கும் போட்டிச் சண்டைக்கும் உரியது 'டெஸ்ட்ரியர்'. வலக்கையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். பணியாள் அதை வலக்கையால் பிடித்து நடத்திச் சென்றதால் அப்படி அழைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஊர்விட்டு ஊர் போக பால்ஃப்ரி, ஏவலாட்களும் சாதாரண வீரர்களும் ஏற 'ரவுன்சி', மூட்டை முடிச்சுகளுக்குப் பொதிக்குதிரை என்று மற்றவை அமையும். களைக்காமல் களத்துக்கு வந்துசேர வேண்டிய டெஸ்ட்ரியரில் வழிநெடுக யாரும் ஏறிச் செல்வதில்லை. ஆகவே உங்கள் கதைவீரன் சண்டைக்கு முன் குதிரை மாறுவதுதான் அக்கால நடைமுறை.

பால்ஃப்ரியின் மதிப்பு அதன் நடையில் இருந்தது. குதிரை சாதாரணமாகத் துள்ளி ஓடும்போது முன்னங்கால் ஒன்றும் அதற்குக் குறுக்கே எதிர்ப்புறத்துப் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்து தரையைத் தொடும். ஒவ்வொரு அடிக்கும் சேணம் எழும்பி இறங்கும், ஏறியிருப்பவரின் இடுப்பும் முதுகும் அந்த அதிர்ச்சியை வாங்கும். பால்ஃப்ரியிடம் எதிர்பார்க்கப்பட்ட நடைக்கு ஆங்கிலத்தில் 'ஆம்பிள்' என்று பெயர். இதில் ஒரு பக்கத்துப் பின்னங்கால், அதே பக்கத்து முன்னங்கால், பிறகு மறுபக்கத்து இரண்டு என்று நான்கு குளம்புகளும் தனித்தனியாக, விரைவாகத் தரையில் விழும். எந்த நேரமும் ஏதேனும் ஒரு கால் தரையில் இருப்பதால் முதுகு ஏறக்குறைய அசையாது. சில குதிரைகளுக்கு இது பிறவியிலேயே வரும். வராத குதிரைக்கு ஒரு பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் கயிற்றால் பிணைத்துப் பழக்கியதும் உண்டு. ராஜஸ்தானின் மார்வாரிக் குதிரைகளிலும் குஜராத்தின் கத்தியவாரிக் குதிரைகளிலும் இன்றும் பலர் விரும்பும் 'ரேவால்' நடை இந்த வகையைச் சேர்ந்ததுதான். நாள் முழுவதும் சேணத்தில் இருக்க வேண்டிய காலத்தில் இப்படிப்பட்ட குதிரைக்கு என்ன விலையும் கொடுப்பார்கள். உயர்ந்த பால்ஃப்ரி ஒன்று போர்க்குதிரையின் விலைக்கே போனதுண்டு. இங்கிலாந்தின் ஜான் மன்னருக்குச் செலுத்த வேண்டிய தண்டத்தையும் காணிக்கையையும் பிரபுக்கள் பால்ஃப்ரிகளாகக் கொடுத்ததற்கு அரசுக் கணக்குச் சுருள்களில் பதிவுகள் உள்ளன.

சொல்லின் பிறப்போ அரசவையிலிருந்து வெகு தொலைவில், ரோமானியரின் தபால் நிலையங்களில் நிகழ்ந்தது. முதல் பேரரசர் அகஸ்டஸ் நிறுவிய அரசு அஞ்சல் அமைப்பில், பெருஞ்சாலைகள் நெடுகக் குதிரை மாற்றும் நிலையங்கள் இருந்தன. அங்கே தூதர்களுக்காக நிறுத்தப்பட்டிருந்த வேகக் குதிரைக்கு 'வெரெதுஸ்' என்று பெயர். லத்தீன் மொழிக்கே இது இரவல் சொல்தான். இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த, 'கால்' எனப்பட்ட பழங்குடி மக்களின் கெல்டிக் மொழியிலிருந்து வந்தது. 'கீழ்' என்னும் பொருள்தரும் முன்னொட்டும், சவாரி செய்தலையும் வண்டியையும் குறிக்கும் வேரும் அதில் இணைந்திருக்கின்றன. அதன் உறவுச்சொல் ஒன்று வேல்ஸ் மொழியின் பழம்பாடல்களில் 'கோர்விட்' என்ற வடிவில் குதிரையைக் குறிக்கிறது. சவாரி செய்தலைக் குறிக்கும் ஆங்கில 'ரைட்' என்ற சொல்லும் அந்த வேரின் உறவே. அரபு மொழியில் இன்றும் தபாலைக் குறிக்கும் 'பரீத்' என்ற சொல்லும் வெரெதுஸின் வழிவந்தது என்று சில அறிஞர்கள் கருதுகின்றனர்.

இனி 'பால்' என்ற முற்பகுதிக்கு வருவோம். அரசுச் சாலையை விட்டு விலகிக் கிளைவழியில் போக வேண்டிய அதிகாரிக்கு நிலையத்துக் குதிரை போதாது; அப்போது அந்தப் பகுதி மக்கள் கூடுதலாக ஒரு குதிரை கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். 'அருகே', 'கூடுதலாக' என்று பொருள்படும் 'பாரா' என்ற கிரேக்க முன்னொட்டைச் சேர்த்து அந்தக் குதிரையை 'பாராவெரெதுஸ்' என்றார்கள். 438இல் வெளியிடப்பட்ட, ரோமப் பேரரசர் தியோடோசியஸின் சட்டத் தொகுப்பில் அரசு அஞ்சலுக்கென்றே தனித் தலைப்பு உண்டு. வண்டிச் சேவைக்கும் 'அங்காரியா', 'பாராங்காரியா' என்று இதே போன்ற இணைச்சொற்களை அதில் காணலாம். சுருக்கமாகச் சொன்னால், பாராவெரெதுஸ் என்பது குடிமக்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்த குதிரை. ரோமப் பேரரசின் மேற்குப் பகுதி வீழ்ந்த பிறகும், ஃபிராங்கு அரசர்களின் தூதர்களுக்குக் குதிரை கொடுக்கும் கடமையாக அச்சொல் தொடர்ந்தது. தூதருக்கும் பிரபுவுக்கும் கொடுப்பது நல்ல சவாரிக் குதிரையாக இருக்க வேண்டுமல்லவா? அந்த வழியில் சொல்லின் தகுதி மெல்ல உயர்ந்தது.

ஒலியும் கூடவே மாறியது. 'பாராஃபிரெதுஸ்' என்று ஆனபின், அடுத்தடுத்து வந்த இரண்டு ரகரங்களில் முன்னது லகரமாகி 'பாலாஃபிரெதுஸ்' ஆயிற்று. பழைய பிரெஞ்சில் 'பாலெஃப்ரெய்' என்று குறுகி, பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இத்தாலியர் கடிவாளத்தைக் குறிக்கும் தங்கள் சொல்லோடு இதைக் குழப்பிக்கொண்டு 'பாலாஃப்ரேனோ' என்றார்கள். திருத்தந்தையின் குதிரைக்காரர்கள் 'பாலாஃப்ரெனியேரி' எனப்பட்டனர். வத்திக்கானில் அவர்கள் பெயரால் ஒரு புனித அன்னாள் ஆலயமே இருக்கிறது.

அதே லத்தீன் சொல் ஜெர்மனில் 'ப்ஃபெர்ட்', டச்சு மொழியில் 'பார்ட்' என்று மாறி, இன்று அவ்விரு மொழிகளிலும் எந்தக் குதிரைக்கும் உரிய பொதுப்பெயராக நிற்கிறது. ஆங்கிலத்தின் பொதுச்சொல்லான 'ஹார்ஸ்' என்பதற்கு உறவான 'ரோஸ்' என்ற சொல்லை ஜெர்மானியர் பெரும்பாலும் கவிதை நடைக்கு ஒதுக்கிவிட்டார்கள். இலக்கியச் சொல், தெருச்சொல் என்ற இடங்கள் இரண்டு மொழிகளில் இப்படித் தலைகீழாக மாறிக் கிடப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும்.

பெண்களுக்கு மட்டும் உரியதா என்ற ஐயத்துக்கு 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளின் முன்னுரையே போதுமான சான்று. அதில் யாத்திரிகர் பலரின் தகுதிக்கும் ஏற்ற குதிரையைக் கவனமாகத் தேர்ந்திருக்கிறார். வேட்டைப் பிரியரான கொழுத்த துறவிக்குத்தான், பெர்ரிப் பழம்போல் பழுப்பான பால்ஃப்ரி கிடைக்கிறது. பலமுறை மணந்த பாத் நகரத்துப் பெண்மணி ஏறியிருப்பது 'ஆம்ப்ளர்', அதாவது ஆம்பிள் நடைக் குதிரை. கடலோடி ரவுன்சியில் தனக்குத் தெரிந்த மட்டும் தொற்றிக்கொண்டு வருகிறார். கன்னியர் மடத்துப் பாதிரியாருக்கு, அவர் சொல்லும் கதையின் முகவுரையில், ஒரு நோஞ்சான் குதிரை. பெண்கள் பால்ஃப்ரியில் செல்வதும் கதைகளில் நிறையவே உண்டு. 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காவியமொன்றில் ஈனிட் என்ற நாயகி பெறும் பால்ஃப்ரிக்கு ஒரு கன்னம் வெள்ளை, மறு கன்னம் கறுப்பு, நடுவே பச்சைக் கோடு. சாலைகள் சீராகி வண்டிகள் பெருகியபின் ஆண்களின் நெடும்பயணச் சவாரி குறைந்தது. பழங்கதைகளை விரும்பிப் படித்த பிற்காலத்தார் மனத்தில் சீமாட்டியின் குதிரை மட்டும் தங்கிவிட்டது. உங்கள் அகராதியில் இருப்பது அந்த எச்சம்தான்.

தமிழில் என்ன எழுதுவது? கதைசொல்லியின் கூற்றாக வரும் இடங்களில் 'மென்னடைப் புரவி' என்பதையே நான் பரிந்துரைப்பேன். நடையைக் கொண்டு குதிரைக்குப் பெயரிடுவது நமக்கும் புதிதன்று. பட்டினப்பாலை 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' என்னும்போது அங்கே 'பரி' என்பது குதிரையின் ஓட்டத்தைக் குறிக்கிறது. பேராயர் வரும் காட்சிக்கு 'சவாரிக் குதிரை' என்பதே போதும். வீரன் குதிரை மாறும் காட்சியில் மட்டும் வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால், அங்கே 'பயணக் குதிரை', 'போர்க்குதிரை' என்று எதிரெதிராக வைத்துவிடுங்கள். உரையாடலில் பாத்திரங்கள் 'குதிரை' என்று மட்டும் சொன்னால் இயல்பாக இருக்கும். பால்ஃப்ரி ஆணா பெண்ணா என்று மூலம் சொல்லாதவரை 'பெட்டைக் குதிரை' என்று நீங்களாக எழுத வேண்டாம். 'பால்ஃப்ரிமேன்' என்று ஓர் ஆள் வந்தால் அவர் அந்தக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் லாயக்காரர். ஆனால் கதைமாந்தரின் குடும்பப் பெயராக அது வந்தால், ஆங்கிலேயரிடையே இன்றும் வழங்கும் பெயர் என்பதால், மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.