வெல்டிங் பட்டறையில் கட்டிங் மெஷினில் அடிபடாமல் வேலை செய்வது எப்படி?

ஐடிஐ முடித்துவிட்டு மார்த்தாண்டம் பக்கம் கேட், கிரில் செய்யும் பட்டறையில் சேரப் போவதாகவும், இரும்பு வெட்டும் மெஷினைப் பார்த்தாலே பயமாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பயம் இருக்கட்டும் தம்பி, நல்லதுதான். நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில் நானும் இதே தொழில்தான் செய்கிறேன்.

போனதும் ஏஜி ஃபோர் மெஷினில், அதாவது கையில் பிடிக்கும் நாலு இஞ்ச் கிரைண்டரில், வெட்டும் டிஸ்க்கைப் பாதி மூடியிருக்கும் கார்டு என்ற தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பல பட்டறைகளில் இருக்காது. கேட்டால் "மூலையில டிஸ்க் போகாது" என்பார்கள். அது பாதிக் காரணம்தான். கார்டு இருந்தால் பெரிய மெஷினில் தேய்ந்த ஏழு இஞ்ச் டிஸ்க்கை இதில் மாட்ட முடியாது, கழற்றியதே அதற்காகத்தான். துளை பெரிதாக இருந்தால் ஒரு வளையத்தைச் செருகி ஓட்டிவிடுவார்கள். நாலு இஞ்ச் மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். ஏழு இஞ்ச் டிஸ்க்குக்கு 8,500 சுற்று வரைதான் அனுமதி. டிஸ்க் மேலேயே அச்சடித்திருக்கும். வளையம் போட்டு மாட்டியதில் நடு விலகி ஆட்டமும் சேர்ந்தால் ஓடும்போதே சிதறும். மரம் அறுக்கும் பல் பிளேடை ஏஜி ஃபோரில் மாட்டச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் முதலாளியிடம் கெட்ட பெயர் வாங்கினாலும் பரவாயில்லை.

டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி வருடம் இருக்கும், அதையும் பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. தரையில் போட்டு வைத்த டிஸ்க் ஈரம் குடித்து உறுதி போய்விடும், பார்வைக்குத் தெரியாது. மூடி போட்ட டப்பாவில், படுக்கை வசமாக வையுங்கள். புது டிஸ்க் மாட்டினால் அதன் நேருக்கு நிற்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓட விட்டுப் பிறகு வெட்டுங்கள்.

பதினாலு இஞ்ச் கட்டிங் மெஷினில் வேறு சிக்கல். நீளமான பைப்பின் ஒரு பக்கத்தை வைஸில், அதாவது மெஷினில் உள்ள இறுக்கும் பிடியில், இறுக்கியிருப்போம். மறுபக்க நுனிக்கு மட்டும் கட்டை கொடுத்தால், வெட்டு முடியப்போகும் நேரத்தில் நடு தொய்ந்து, வெட்டிய வாய் மூடி டிஸ்க்கைக் கவ்வும். சத்தம் சட்டென்று கனக்கும், பைப் துள்ளும், டிஸ்க் உடையும். நிறையப் பேர் அப்போது கையால் பைப்பைப் பிடிக்கப் போவார்கள். நீங்கள் பிடிக்காதீர்கள், சுவிட்சை விட்டுவிடுங்கள். வைஸ் பக்கம் நீளத் துண்டைத் தாங்கி வைத்து, வெட்டுப்படும் துண்டு தானாகக் கீழே விழுகிற மாதிரி விட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

சாரத்தை (கைலியை) கட்டிக்கொண்டு, கழுத்தில் துவர்த்தோடு (துண்டோடு) வேலை செய்யும் மேஸ்திரிமார் இன்னமும் இருக்கிறார்கள். முப்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். நீங்கள் பேண்டும் ஷூவும் போடுங்கள். கிரைண்டருக்குத் தோல் கையுறை சரி. டிரில்லிங் மெஷின், லேத் பக்கம் போகும்போது கழற்றிவிடுங்கள், சுற்றும் மெஷின் கையுறையைக் கையோடு சேர்த்து இழுத்துவிடும்.

அப்புறம் கரண்ட். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், சுவிட்சை ஆன் நிலையிலேயே நிறுத்தும் லாக் பட்டன் அமுங்கியபடியே மெஷினைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கரண்ட் வந்ததும் அது தானாக ஓடித் தரையில் துள்ளும். கரண்ட் போனால் லாக்கை எடுத்துவிட்டு, பிளக்கையும் உருவிவிடுங்கள். தீக்குச்சி சொருகி வயரை நேரடியாகச் சாக்கெட்டில் மாட்டும் பழக்கத்தை மழைக்காலத்தில் நினைத்தாலே எனக்கு நடுங்கும்.

கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் போதாது, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி வேண்டும். அதையும் மீறி தூள் விழுந்தால், பக்கத்தில் நிற்பவர் தீக்குச்சி நுனியில் துணி சுற்றி எடுத்துத்தர வருவார். கெட்டிக்காரராகவே இருந்தாலும் விடாதீர்கள். கருவிழியில் ஒட்டிய இரும்புத் தூள் சில மணி நேரத்திலேயே துரு வளையம் போடத் தொடங்கும். கண் டாக்டர் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டுச் சுத்தமாக எடுத்துவிடுவார். வேகமாக ஏதோ அடித்துப் பார்வை மங்கினால் கசக்கவோ அழுத்தவோ வேண்டாம். யாராவது பைக்கில் ஏற்றி ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போகட்டும்.