காற்றின் திசையைச் சொல்ல முடியுமா?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் யூஜேன் பூதானின் ஓவியத் தொகுப்பு ஒன்றைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அதே நார்மண்டிக் கடற்கரை, அதே துறைமுகம், அதே மேகம். சொந்த ஊரையே சுற்றிச் சுற்றி வரைந்தவரைப் பெரிய ஓவியர் என்பது மிகையல்லவா? (நாகப்பட்டினம் வாசகர் ஒருவர்)

பதில்: உங்களுக்கு முன்பே பூதானைப் பிடிக்காமல் போனவர் ஒருவர் உண்டு; அவர் பெயர் கிளாட் மோனே, பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பிரெஞ்சு ஓவியர். நார்மண்டியின் துறைமுக நகரான ல ஆவ்ரில், படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றின் சன்னலில், பதின்ம வயது மோனேயின் கேலிச்சித்திரங்களும் பூதானின் கடற்காட்சிகளும் அருகருகே வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கடற்காட்சிகளைக் கண்டாலே தமக்கு அப்போது வெறுப்பாக இருந்ததென்று மோனேயே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பூதான் விடவில்லை. வற்புறுத்தி வெட்டவெளிக்கு அழைத்துப் போய், தம் அருகில் வைத்து வரையச் செய்தார். தாம் ஓவியரானதே பூதானால்தான் என்று பின்னர் சொன்ன மோனே, 1872இல் ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ என்ற ஓவியமாக வரைந்து, கணநேர ஒளியைப் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கத்துக்குப் பெயர் தந்த அந்தச் சூரிய உதயம், நீங்கள் சலித்துக்கொள்ளும் அதே ல ஆவ்ர் துறைமுகத்தில் நிகழ்ந்ததுதான்.

பூதான் 1824இல், சேன் நதியின் முகத்துவாரத்தில் உள்ள ஓன்ஃபிளரில், ஒரு மாலுமியின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதில் தந்தையின் படகில் எடுபிடியாக வேலை பார்த்தவர். மேகத்தைப் பார்த்துக் காற்றைக் கணிக்கும் அந்தப் பழக்கம் அவருடைய தூரிகையிலும் தங்கிவிட்டது. வானத்தையும் கடலையும் பாஸ்டல் வண்ணக்குச்சிகளால் விரைந்து தீட்டிய நூற்றுக்கணக்கான பயிற்சி ஓவியங்களில், நாள், நேரம், காற்றின் திசை மூன்றையும் அவர் குறித்து வைத்தார். 1859இல் அவற்றைப் பார்த்த கவிஞர் போதலேர், அந்தக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டாலும் பருவத்தையும் நேரத்தையும் காற்றையும் ஊகித்துவிடலாம் என்று எழுதினார். கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் கரையில் இருந்துகொண்டு, அத்தனை மேகங்களையும் ‘அதே மேகம்’ என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அவர் ஊரைவிட்டு நகரவே இல்லை என்பதும் சரியன்று. பிரான்சின் வடமேற்கு மூலையிலுள்ள பிரித்தனி, ஹாலந்து, கடைசிக் காலத்தில் வெனிஸ் என்று போய் வரைந்திருக்கிறார். அங்கெல்லாம் அவர் தேடியது நீரையும் வானத்தையும்தான்.

குறை சொல்லியே ஆகவேண்டுமென்றால் வேறோர் இடத்தில் சொல்லலாம். 1860களில் நார்மண்டியின் துரூவில் என்ற ஊரின் கடற்கரைக்கு உல்லாசமாக வந்த செல்வர்களையும், அகன்ற பாவாடை அணிந்த சீமாட்டிகளையும் அவர் வரைந்த படங்கள் நன்றாக விற்றன. விற்றதால் திரும்பத் திரும்ப வரைந்தார். அவற்றுள் சில கைப்பழக்கத்தில் முடிந்தவை என்பது என் எண்ணம். பிரித்தனியின் உழைக்கும் மக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, அந்த உல்லாசக் கூட்டத்தின் மீது அவருக்கே கசப்பு வந்தது. ஆயினும் அந்தப் படங்களிலும் மனிதர்கள் கீழே ஒரு மெல்லிய வரிசையாகச் சுருங்கிப்போக, பெரும்பகுதியை வானமே எடுத்துக்கொள்வதைக் கவனித்தீர்களா?

தொகுப்பு இன்னும் கையில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். தலைப்புகளை விரலால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்திலும் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதென்று பாய்மரத்தையும் புகையையும் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். பத்துப் படங்களுக்கும் ஒரே விடை வந்தால் மறுபடி எழுதுங்கள்; அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன்.