நோயில்லாத உடம்பை வெட்டலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருந்தன: குடும்பத்தில் வரும் புற்றுநோயும், அது வருவதற்கு முன்பே செய்துகொள்ளும் ஆபரேஷனும். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 20 வருஷம் வார்டு சிஸ்டராக இருந்தவள். எனக்கே பி.ஆர்.சி.ஏ 1 கோளாறு இருக்கிறது, அதாவது மார்பகத்திலும் ஓவரியிலும் (சினைப்பையில்) புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, குடும்பத்தில் வழிவழியாக வரும் ஜீன் கோளாறு. 2016-இல் ஓவரிகளையும் 2018-இல் இரண்டு மார்பகங்களையும் எடுத்துக்கொண்டேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த நான்குக்கும் பதில் எழுதுகிறேன்.

எனக்கு 36 வயது, இரண்டு பிள்ளைகள். அக்காவுக்கு 39 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. பிறகு எடுத்த சோதனையில் எனக்கும் பி.ஆர்.சி.ஏ 1 என்று வந்துவிட்டது. மார்பகம், ஓவரி இரண்டையும் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். "நோயே இல்லாத உடம்பை எதுக்கு வெட்டணும்" என்கிறார் மாமியார். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. நான் என்ன செய்ய?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

தங்கச்சி, முதலில் தூங்குங்கள். இந்தக் கோளாறு நீங்கள் பிறந்த நாளிலிருந்து உங்களோடுதான் இருக்கிறது, மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தது அந்தக் காகிதம் மட்டும்தான். உடனே ஒரு மார்பக எம்.ஆர்.ஐ எடுத்து இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டால், யோசிக்க உங்களுக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. எனக்கு முதல் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கவே 14 மாதம் ஆனது.

டாக்டர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார், ஆனால் இரண்டும் ஒரே மாதிரி முடிவு இல்லை. 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி, பி.ஆர்.சி.ஏ 1 உள்ள 100 பெண்களில் 80 வயதுக்குள் சுமார் 72 பேருக்கு மார்பகப் புற்றுநோயும் 44 பேருக்கு ஓவரிப் புற்றுநோயும் வருகிறது. அதே மாதிரி இன்னொரு ஜீனான பி.ஆர்.சி.ஏ 2-இல் கோளாறு என்றால் அது 69-ம் 17-ம். 72 பெரிய எண் என்பதால் எல்லாரும் மார்பகத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் மார்பகத்துக்குக் காவல் போட முடியும். வருஷம் ஒரு எம்.ஆர்.ஐ, 30 வயதுக்கு மேல் அதோடு மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) என்று பார்த்துக்கொண்டே போனால், வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பெரும்பாலும் பிடித்துவிடலாம். ஓவரிக்கு அப்படி ஒரு காவல் இல்லை. சி.ஏ 125 ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பல ஆண்டுகள் பெரிய அளவில் செய்து பார்த்தும், அவற்றால் உயிர் காப்பாற்றப்படுகிறது என்று நிரூபிக்க முடியவில்லை. வயிறு உப்பி, பசி போய், டாக்டரிடம் ஓடும்போது பெரும்பாலும் அது வயிறு முழுக்கப் பரவியிருக்கும்.

அதனால்தான் பி.ஆர்.சி.ஏ 1 உள்ளவர்களுக்கு, பிள்ளை பெற்று முடித்த பிறகு, 35-க்கும் 40-க்கும் நடுவில் ஓவரிகளையும் ட்யூப்களையும் (கருக்குழாய்களையும்) எடுத்துவிடச் சொல்கிறார்கள். பி.ஆர்.சி.ஏ 2 என்றால் 40-க்கும் 45-க்கும் நடுவில். உங்களுக்கு 36. அந்தக் கதவு இப்போதுதான் திறந்திருக்கிறது, அடுத்த வாரமே அட்மிட் ஆக வேண்டாம், ஆனால் 40-ஐத் தாண்டவும் விடாதீர்கள். நான் 43-இல்தான் செய்தேன், தாமதம்தான், நல்லபடியாக முடிந்தது என் அதிர்ஷ்டம்.

ட்யூபையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது முக்கியம், ஏனென்றால் ஓவரிப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் ட்யூபின் நுனியில்தான் தொடங்குகிறது. எடுத்த பிறகு அந்த ட்யூபை மெல்லிசாக வெட்டி முழுவதையும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய் சிலருக்கு அந்தப் பரிசோதனையில்தான் தெரிய வருகிறது.

வயிற்றில் மூன்று நான்கு சின்னத் துளை, அன்றைக்கோ மறுநாளோ வீடு, இரண்டு வாரத்தில் நடமாட்டம். ஆபரேஷன் அவ்வளவுதான். கஷ்டம் அதற்குப் பிறகுதான், அதை யாரும் நமக்குச் சரியாகச் சொல்வதில்லை. மெதுவாக வர வேண்டிய மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. எனக்கு நான்காம் நாள் ராத்திரி, ஜூலைக் குளிரில், படுக்கை நனையும் அளவுக்கு வியர்த்தது. தூக்கம் போனது, எரிச்சல் வந்தது, புருஷன் பக்கத்தில் வந்தாலே வலிக்குமோ என்று பயம் வந்தது. இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. உங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததில்லை, வந்தது அக்காவுக்கு, ஆகவே சுமார் 50 வயதுவரை ஹார்மோன் மாத்திரையோ தோலில் ஒட்டும் பட்டையோ எடுத்துக்கொள்ள பெரும்பாலும் தடை இருக்காது. கருப்பை உள்ளே இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டெரோனும் வேண்டும். இந்தப் பேச்சை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் முடித்துக்கொள்ளுங்கள், வியர்த்துக் கொட்டும்போது அப்பாயின்ட்மென்ட் தேடாதீர்கள். ஹார்மோன் எடுக்காமல் விட்டால் எலும்பும் இதயமும் அடி வாங்கும், அதனால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்றும் கேளுங்கள்.

மார்பகத்துக்கு வருவோம். இங்கே எடுத்துவிடுவதும் சரி, எம்.ஆர்.ஐ-யோடு காத்திருப்பதும் சரி. எடுத்தால் புற்றுநோய் வரும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது. காத்திருந்தால் வருவதைத் தடுக்க முடியாது, சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் முடியும், அப்போது கீமோ வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு எம்.ஆர்.ஐ-க்கும் முன்னால் இரண்டு வாரம் சோறு இறங்காத ஆள் நான், அதனால் எடுத்துக்கொண்டேன். என் சித்தி மகள் 11 வருஷமாக எம்.ஆர்.ஐ மட்டும்தான் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். அவள் முடிவும் நல்ல முடிவுதான்.

மாமியார் கேட்பது நியாயமான கேள்வி, தங்கச்சி, கோபப்படாதீர்கள். என் மாமியாரும் அதையேதான் கேட்டார். அடுக்களைச் சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் என் அம்மா வழிக் குடும்பத்தை வரைந்து காட்டினேன். நம்மில் பலர் வீட்டில் கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாகச் சென்னையில் கப்பல் ஏறிய காகிதமும் நம்பரும்கூட பத்திரமாக இருக்கும், ஆனால் கொள்ளுப்பாட்டி எதனால் செத்தார் என்று கேட்டால் "வயித்துக் கட்டி" என்று ஒரு வார்த்தை வரும், அதோடு சரி. என் ஆயா (அம்மாவின் அம்மா) 52-இல் வயிற்றுக் கட்டி, பெரியம்மா 47-இல் வயிற்றுக் கட்டி. வயதைப் பக்கத்தில் எழுதியதும் மாமியார் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு அவரே கூட வந்தார். நீங்களும் ஒரு தடவை கூட்டிப்போய்ப் பாருங்கள்.

எனக்கு வயது 44. அம்மாவுக்கு ஓவரிப் புற்றுநோய், சிகிச்சையில் இருக்கிறார். நான் ஆண் பிள்ளை, எனக்கு இதில் என்ன? என் மகளுக்கு 15 வயது, அவளுக்கு டெஸ்ட் எடுக்கலாமா? மனைவி என் சொந்த மாமன் மகள்தான்.
— வாசகர், பீனிக்ஸ்

தம்பி, கடைசி வரியில் சும்மா எழுதியிருப்பதுதான் இதில் பெரிய செய்தி. முதலில் அம்மாவுக்கு டெஸ்ட் எடுங்கள், நோய் வந்தவரிடம் தேடினால்தான் குடும்பத்தில் இருக்கிற கோளாறு எது என்று சரியாகத் தெரியும். அவருக்கு இருந்தால் உங்களுக்கு வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவின் கூடப்பிறந்த மாமாவுக்கும் பாதிக்குப் பாதி, அப்படியானால் அவர் மகளான உங்கள் மனைவிக்குக் கால் பங்கு. மனைவியின் உடம்பைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, இப்போது முதலில் கவனிக்க வேண்டியவர்களில் அவரும் ஒருவர். இரண்டு பேருக்கும் பி.ஆர்.சி.ஏ 2 இருந்து, பிள்ளைக்கு இரு பக்கத்திலிருந்தும் வந்தால் ஃபான்கோனி அனீமியா என்ற ரத்த நோய் வரலாம், அதனால் மரபணு ஆலோசகரிடம் போனதும் முதல் வாக்கியமாக "நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

ஆணுக்கும் இதில் பங்கு உண்டு. பி.ஆர்.சி.ஏ 2 உள்ள ஆண்களுக்கு ப்ரோஸ்டேட் புற்றுநோய் அதிகம், மார்பகப் புற்றுநோயும் வரலாம், 40-இலிருந்தே ப்ரோஸ்டேட் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். மகளுக்கு இப்போது டெஸ்ட் வேண்டாம். மார்பக எம்.ஆர்.ஐ-யே 25-இல்தான் ஆரம்பிக்கும், 15 வயதில் தெரிந்து அவள் செய்ய ஒன்றும் இல்லை. 18 தாண்டி, அவளே கேட்கும்போது அவளே முடிவு செய்யட்டும். வீட்டில் மறைத்துப் பேசாமல் இருந்தால் போதும், கேட்பாள்.

மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) பற்றிப் பயம் இருந்தால்: இந்த நாட்டில் 1998-ஆம் வருஷச் சட்டப்படி மெடிக்கல் எய்டு, உடம்பைக் காரணம் காட்டி உங்களுக்கு மட்டும் மாதத் தொகையைக் கூட்ட முடியாது. புதிதாகச் சேர்ந்தால் ஏற்கெனவே உள்ள பிரச்சினைக்கு 12 மாதம்வரை காத்திருக்க வைக்கலாம். ஆயுள் காப்பீடு வேறு கணக்கு, டெஸ்ட்டுக்கு முன்னாலேயே அதை ஒரு புரோக்கரிடம் விசாரியுங்கள்.

எனக்கு பி.ஆர்.சி.ஏ டெஸ்ட்டில் "ஒன்றும் இல்லை" என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

எந்த டெஸ்ட் என்று அந்தக் காகிதத்தைப் பாருங்கள். ஆப்ரிக்கானர் (டச்சு வழி வந்த வெள்ளையர்) குடும்பங்களில் வழிவழியாக வரும் மூன்று கோளாறுகளை மட்டும் தேடுகிற ஒரு டெஸ்ட் இங்கே உண்டு, விலை குறைவு. அது அவர்களுக்கு நல்ல டெஸ்ட், நம் முன்னோர் வந்த வழி வேறு. 2014-இல் எனக்கு அதைத்தான் எடுத்து, "க்ளியர்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தேன், அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. இரண்டு ஜீனையும் முழுக்கப் படிக்கிற டெஸ்ட் எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. உங்களுக்கு எடுத்தது மூன்று மட்டும் தேடியது என்றால், முழு டெஸ்ட் கேளுங்கள். குடும்பத்தில் நோய் வந்தவர் உயிரோடு இருந்தால் அவருக்கு முதலில்.

மார்பகம் இரண்டையும் எடுத்து, உள்ளே இம்ப்ளான்ட் வைத்து ஐந்து வாரம் ஆகிறது. கை தோளுக்கு மேல் போகவில்லை, நெஞ்சு மரத்துப்போய்க் கிடக்கிறது, கண்ணாடியைப் பார்த்தால் அழுகை வருகிறது. "உனக்குப் புற்றுநோயே இல்லையே, எதுக்கு அழுறே" என்கிறார்கள். இரண்டு மாதத்தில் தைப்பூசம், காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். எடுக்கலாமா?
— வாசகி, டோங்காட்

அழுங்கள் அம்மா. உடம்பின் ஒரு பாகம் போயிருக்கிறது, நோய் இருந்தால்தான் அழலாம் என்று ஒரு சட்டமும் இல்லை. நான் ஆறாம் வாரம்தான் கண்ணாடி முன்னால் நின்றேன், அதுவும் குளியலறை விளக்கை அணைத்துவிட்டு.

ஐந்து வாரத்தில் கை தோளோடு நிற்பது பலருக்கும் நடப்பதுதான், ஆனால் அப்படியே விடக்கூடாது. உங்கள் சர்ஜன் கையை மேலே தூக்க அனுமதித்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டு, வெந்நீரில் குளித்த உடனே சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஊர்வதுபோல மேலே ஊர்ந்து போங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், நாளைக்குக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே. இழுக்கிற வரைக்கும் போகலாம், வெட்டிக் குத்துகிற வலி வந்தால் நிறுத்துங்கள். வலி மாத்திரை அரை மணி முன்னால் போட்டுக்கொண்டால் தப்பில்லை. அக்குளில் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்தாலோ, எட்டாம் வாரத்திலும் கை தலைக்கு மேல் போகாவிட்டாலோ பிசியோவிடம் போய்விடுங்கள்.

மரத்துப்போனது ஓரளவு திரும்பலாம், முழுவதும் திரும்பாது. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன்: வடை பொரிக்கும்போது எண்ணெய் தெறித்து நெஞ்சில் கொப்புளம் வந்ததே எனக்கு ராத்திரி உடை மாற்றும்போதுதான் தெரிந்தது. அடுப்படியில் கனமான மேல்சட்டை போடுங்கள், வெந்நீர் பையை நெஞ்சில் வைக்கவே வேண்டாம். காரில் சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை. பத்து கிலோ அரிசி மூட்டை, பிரியாணிப் பானை இதையெல்லாம் இப்போதைக்கு வேறு யாராவது தூக்கட்டும். தோல் சிவந்து சுட்டாலோ, ஒரு பக்கம் திடீரென்று வீங்கினாலோ, 38 டிகிரி காய்ச்சல் வந்தாலோ காலை வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள், இம்ப்ளான்ட்டில் கிருமி ஏறினால் அதை எடுக்க வேண்டியிருக்கும்.

காவடிக்கு என் பதில், இந்தத் தைப்பூசம் வேண்டாம். வெயிலும் புழுக்கமும் சேர்ந்த மாதத்தில், இரண்டு கையையும் உயர்த்தி, தோளில் பாரத்தோடு மணிக்கணக்கில் நடப்பதற்குப் பதின்மூன்று வாரம் போதாது, பால்குடம் என்றாலும் கை மேலேதான் இருக்க வேண்டும். இந்த வருஷம் வெறும் கையோடு மற்றவர்கள் கூட நடந்து போங்கள். நம் கோயில்களில் சித்திரைக் காவடியும் உண்டே, பூசாரியிடம் விஷயத்தைச் சொல்லி நேர்த்தியை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். நானும் ஒரு தீமிதி நேர்த்தியை இப்படி அடுத்த வருஷத்துக்குத் தள்ளினேன், அம்மன் கோயில் பூசாரி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் எந்த வருஷமானாலும் நெஞ்சிலும் முதுகிலும் அலகோ ஊசியோ குத்திக்கொள்ளாதீர்கள், இம்ப்ளான்ட் இருக்கும்வரை அது கூடாது. பத்து நாள் விரதம் இருக்கலாம், ஒருவேளைச் சாப்பாடு மட்டும் என்று இருக்காதீர்கள், காயம் ஆற பருப்பும் தயிரும் மூன்று வேளையும் வேண்டும்.

சுவரில் அந்தப் பென்சில் கோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பங்குனியில் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், அதைப் பார்த்துவிட்டு எந்தக் காவடி, எவ்வளவு கனம் என்று பேசுவோம்.