சூரிய வெடிப்பின் அலை எதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது?
சூரியனில் காற்றே இல்லையே, அப்புறம் வெடிப்பின் அலை எப்படிப் பரவும் என்று கேட்டிருக்கிறீர்கள். காற்று இல்லைதான், ஆனால் கொரோனாவில் (வைரஸ் இல்லை, சூரியனின் வெளி வளிமண்டலம்) பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் பிளாஸ்மாவும் (மின்னூட்டம் பெற்ற துகள்களாலான வாயு) அதை ஊடுருவும் காந்தப்புலமும் இருக்கின்றன. வெடிப்பு தள்ளும்போது இரண்டும் சேர்ந்தே அமுங்கி விரிவதால், அலை வெறும் ஒலியைவிட வேகமாக, நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும். 1997இல் சூரியனைக் கவனிக்கும் சோஹோ விண்கலம் இதைப் புற ஊதாப் படங்களில் பிடித்தது. அதற்கு வெகுமுன்பே, 1960 வாக்கில், கீழே குரோமோஸ்பியரில் (கொரோனாவுக்கு அடியில் உள்ள அடுக்கு) மோர்ட்டன் என்ற வானியலாளர் பார்த்த அலை இன்னும் வேகம், நொடிக்கு 1,000 கி.மீ. அளவில். மேலே ஓடும் அலையின் விளிம்பு கீழே உரசுவதுதான் அது என்று 1968இல் ஜப்பானிய வானியலாளர் உச்சிதா விளக்கினார். வழியில் கொரோனா துளை (கொரோனாவில் பிளாஸ்மா அடர்த்தி குறைந்த பகுதி) எதிர்ப்பட்டால் அலை வளையும், சில சமயம் மோதித் திரும்பியும் வரும்.