கனடாவில் இருந்து வந்த பிரஷர் மெஷின்

கேள்வி: டொக்டர், என் அம்மாவுக்கு 63 வயது. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் பிரஷர் குளிசை எடுத்து வருகிறார். முதல் பஸ்ஸை விட்டால் அன்றைய நாளே போய்விடும். அண்ணா கனடாவில் இருந்து பிரஷர் மெஷின் ஒன்று அனுப்பியிருக்கிறார். மேல் அளவு ஒருதரம் 128 காட்டுகிறது, அடுத்த தரம் 156. அம்மா பயந்துபோய் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இனி அளவை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருக்கலாமா?
– மகள், மல்லாவி

பதில்: தங்கச்சி, முதலில் மெஷினோடு வந்த அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், எங்களுக்கு 230. அதில் 100–240 என்று அச்சிட்டிருக்காவிட்டால் செருக வேண்டாம், பற்றரி போட்டே பாவியுங்கள். மேற்கையில் சுற்றும் மெஷின்தான் நல்லது. பட்டி அம்மாவின் கைக்கு அளவாக இருக்கவேண்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டி சுற்றினால் அளவு கூட்டிக் காட்டும். போன் கமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் என்கிற செயலிகளை நம்பவே வேண்டாம்.

128, 156 என்று மாறுவதற்குப் பயப்படத் தேவையில்லை. பிரஷர் நாள் முழுக்க ஏறி இறங்கும். பஸ்ஸால் இறங்கி ஓடிவருகிறவர்களை நான் வாங்கில் கொஞ்சநேரம் இருத்திவிட்டுத்தான் பார்ப்பேன். வீட்டிலும் அப்படித்தான். சாய்மானம் உள்ள கதிரையில், இரண்டு பாதமும் நிலத்தில் பட, 5 நிமிடம் பேசாமல் இருக்கட்டும். கை மேசையில், நெஞ்சு உயரத்தில். கிளினிக்குக்கு முந்திய 7 நாளும் காலையில் தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் முன் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. ஒவ்வொரு முறையும் 1 நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். கிளினிக்கில் கூடின பிரஷர் என்று சொல்லும் 140/90 (மேல் அளவு/கீழ் அளவு), வீட்டில் 135/85க்குச் சமம். மற்ற நாட்களில் மெஷின் அலுமாரிக்குள் இருக்கட்டும்.

சரி, வட்ஸ்அப். எந்த இலக்கத்துக்கு அனுப்புவது, யார் பார்ப்பார்கள் என்று கிளினிக்கில் கேட்டு ஒழுங்குபடுத்திய பிறகு அனுப்புங்கள். பார்த்துக் குளிசையைக் கூட்டிக் குறைக்க ஒருவர் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பயன். பிரித்தானியாவில் 2018இல் வெளிவந்த டாஸ்மின் எச்4 (TASMINH4) என்ற ஆய்வில், வீட்டு அளவுகளைப் பார்த்து மருத்துவர் மருந்தை மாற்றியவர்களுக்கு ஒரு வருடத்தில் பிரஷர் மற்றவர்களை விட நன்றாகக் குறைந்தது. போனில் அனுப்பியவர்களுக்கு இன்னும் விரைவாக. எங்கள் இலங்கையிலும் பாகிஸ்தான், வங்காளதேசத்திலும் கிராமங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்ததால் மேல் அளவு மற்றக் கிராமங்களை விடச் சுமார் 5 கூடுதலாக இறங்கியது. இரண்டிலும் அளவுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்திருக்கிறார். சிக்னல் இழுத்தால் சாதாரண எஸ்எம்எஸ் போதும்.

அண்ணாவுக்கும் அனுப்புங்கள், பிள்ளைக்குக் கவலை இருக்கும்தானே. ஆனால் அங்கே யாரோ போடுகிற குளிசையை அம்மாவுக்கு மாற்றவேண்டாம். அளவு நல்லாயிருக்கிறது என்று நிறுத்தவும் வேண்டாம். அது குளிசையால் வந்த நல்ல அளவு. போனில் எனக்கு மிகப் பிடித்தது அலாரம். குளிசை நேரத்துக்கு வைத்துக் கொடுங்கள்.

கிளினிக்கை விடமுடியாது. சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையை வட்ஸ்அப்பில் செய்ய ஏலாது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு பேரை வாட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அளவுகள் சீராக இருந்தால், திகதியைத் தள்ளித் தரமுடியுமா என்று கொப்பியைக் காட்டிக் கேளுங்கள்.

180/120க்கு மேல் காட்டினால் 5 நிமிடம் இருத்தி மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கம் கைகால் இழுப்பு, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று வந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.