பெட்ரோல் தாமதிக்க வேண்டும், டீசல் முந்த வேண்டும்

கேள்வி: தீக்குச்சியைக் காட்டினால் டீசலைவிடப் பெட்ரோல்தான் சட்டென்று பற்றுகிறது. ஆனால் டீசல் என்ஜின் ஸ்பார்க் பிளக் இல்லாமலே ஓடுகிறது. பெட்ரோல் என்ஜினுக்குத்தான் பிளக் தேவைப்படுகிறது. இது எப்படி? பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதைப் போல டீசலிலும் கலந்துவிட முடியாதா?

பதில்: தீக்குச்சி காட்டிக்கொடுப்பது ஒரு திரவம் எவ்வளவு எளிதில் ஆவியாகிறது என்பதை மட்டுமே. என்ஜினுக்குள் பார்க்க வேண்டியது வேறு: பிஸ்டன் அழுத்திச் சூடேற்றிய காற்றில், எந்தத் தீப்பொறியும் இல்லாமல், எரிபொருள் எத்தனை மில்லிநொடியில் தானாகப் பற்றுகிறது என்பதுதான் அது. டீசல் என்ஜினில் அந்தக் காற்று 500 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் என்ஜினில் ஒரு மில்லிநொடித் தாமதம் என்பது கிராங்க் (பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டு) 12 டிகிரி திரும்பும் நேரம். ஆகவே மில்லிநொடியில் ஒரு பங்கு முந்தினாலும் பிந்தினாலும் ஓட்டத்தில் வேறுபாடு தெரியும்.

இந்தத் தாமதத்தைப் பெருமளவு முடிவு செய்வது மூலக்கூறின் வடிவம். ஹெப்டேன் ஏழு கார்பன்கள் நேர்வரிசையாக நிற்கும் மூலக்கூறு. அதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் பிரிந்ததும் அந்த இடத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய ஆக்சிஜன் வளைந்து வந்து அதே சங்கிலியிலுள்ள இன்னொரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. மேலும் ஓர் ஆக்சிஜன் சேர்ந்து உருவாகும் பெராக்சைடு உடையும்போது, ஒன்றாக இருந்த வினைத்துகள் (எதனோடும் உடனே வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டு) பலவாகப் பெருகுகிறது. ஹெப்டேனின் 16 ஹைட்ரஜன்களில் 10 சங்கிலியின் நடுவில், எளிதில் பறிபடக்கூடிய இடங்களில் இருப்பதால் இது வேகமாக நடக்கிறது. கிளைவிட்ட வடிவமுள்ள ஐசோ-ஆக்டேனில் 18 ஹைட்ரஜன் இருந்தும் 15, பிடிப்பு உறுதியான ஓரக் கிளைகளில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வளைந்து பறிப்பது கடினம், பற்றுவதும் தாமதமாகிறது. தானாகப் பற்றாமல் எரிபொருள் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று காட்டும் ஆக்டேன் அளவுகோலில் முதலாவதற்கு 0, இரண்டாவதற்கு 100 என்று வைத்திருப்பது இதனால்தான்.

பெட்ரோல் என்ஜினில் பிளக் மூட்டிய தீ பரவி வந்து சேரும்வரை, சிலிண்டரின் கடைக்கோடியிலுள்ள கலவை பொறுத்திருக்க வேண்டும். பொறுக்காமல் தானாகப் பற்றினால் வருவதுதான் நாக்கிங் எனப்படும் தட்டல் ஒலி. டீசலில் நிலைமை தலைகீழ்: இன்ஜெக்டர் பீய்ச்சியவுடனே பற்ற வேண்டும், தாமதித்தால் எரிபொருள் சேர்ந்துவிட்டு மொத்தமாக எரியும்போது கடகட ஒலி எழும். அதனால்தான் டீசலுக்கு, எவ்வளவு விரைவாகத் தானே பற்றுகிறது என்று காட்டும் சீட்டேன் எண் பார்க்கிறோம். அதில் பதினாறு கார்பன் நேர்ச்சங்கிலியான ஹெக்ஸாடெக்கேனுக்கு 100.

என்னைக் கேட்டால், ஒற்றை எண்ணை வைத்து எரிபொருளை எடைபோடுவது அரைகுறை வேலை. நேர்ச்சங்கிலி எரிபொருள்களில் ஏறத்தாழ 430 முதல் 630 டிகிரிவரையுள்ள இடைவெளியில் ஒரு விந்தை நடக்கிறது: வெப்பம் ஏறினாலும் பற்றும் வேகம் கூடுவதில்லை, சில வேளை குறையவும் செய்கிறது, ஏனெனில் ஒட்டிய ஆக்சிஜன் தன் வேலையை முடிக்குமுன்பே கழன்றுவிடுகிறது. வளைய வடிவ மூலக்கூறான டொலுயீனிடமோ எத்தனாலிடமோ இந்தப் பழக்கம் இல்லை. ஆகவே ஆக்டேன் எண்ணின் இரு வகைகளான, 600 சுற்றில், 52 டிகிரி காற்றோடு அளக்கும் ஆர்ஓஎன் எண்ணும், 900 சுற்றில் கலவையையே 149 டிகிரிக்குச் சூடாக்கி அளக்கும் எம்ஓஎன் எண்ணும் எத்தனாலுக்கு ஏறக்குறைய இருபது புள்ளி விலகி நிற்கின்றன. இந்தியப் பங்க்குகளில் சொல்லப்படும் 91, 95 எல்லாம் முதல் வகை எண்கள்.

எத்தனால் கலவையின் வினைத்துகள்களைத் தானே வாங்கிக்கொண்டு பெருக விடாமல் செய்கிறது. போதாக்குறைக்கு, ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேலான வெப்பத்தை இழுத்துக் கலவையைக் குளிர்விக்கிறது. பெட்ரோலுக்கு இவ்விரண்டும் வரம். ஆனால் அதே குணம் டீசலில் பற்றுதலைப் பிந்த வைக்கும். எத்தனாலின் சீட்டேன் எண் 10-ஐக்கூட எட்டாது. தவிர, டீசலோடு அது சரியாகக் கலந்தும் நிற்காது, சிறிது நீர் சேர்ந்தாலே பிரிந்துவிடும்.

முடியவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் பேருந்துகள் ஏறக்குறைய முழு எத்தனாலிலேயே ஓடியிருக்கின்றன. பற்றுதலைத் தூண்டும் சேர்மானத்தை எரிபொருளில் சேர்த்து, என்ஜினின் அழுத்த விகிதத்தை (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதை) 28-க்கு 1 என்று உயர்த்திய பிறகுதான் அது நடந்தது. வழக்கமான டீசல் என்ஜினில் அது பதினாறிலிருந்து பதினெட்டுக்குள்தான் இருக்கும்.